அம்பாசடருக்கு டிங்கர் வேலையா, மாத்து மட்கார்டா?

கல்கத்தாவுல (2001-லயே கொல்கத்தான்னு மாத்திட்டாங்க, நமக்குத்தான் வாய்ல வர மாட்டேங்குது) மஞ்சள் டாக்ஸி ஒவ்வொண்ணா காணாமப் போய்க்கிட்டிருக்கு. 2008-ல கல்கத்தா ஹைகோர்ட் போட்ட உத்தரவு, பதினஞ்சு வருஷம் தாண்டின வாடகை வண்டி மாநகரத்துக்குள்ள ஓடக்கூடாதுன்னு. உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாசம் கதவைச் சாத்திருச்சு. ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. அந்தக் கணக்கு அப்படியே நின்னா, கடைசியா வெளிய வந்த அம்பாசடர் டாக்ஸிக்கும் 2029-ல ஆயுசு முடிஞ்சிரும்.

இதைப் பத்தி உருகி உருகி எழுதறவங்க நிறையப் பேர் இருக்காங்க. நான் அதுக்கு வரல. எனக்கு வேற ஒரு கவலை. டாக்ஸி ஒண்ணு சாகறப்போ அதோட மட்கார்டு, கதவு, பானட், டிக்கி எல்லாம் எங்கயோ போகுது. நல்ல நிலைமையில இருக்கறது மல்லிக் பஜார் மாதிரி இடத்துல வந்து அடுக்கி நிக்குது. நம்ம சென்னைக்காரங்களுக்குப் புதுப்பேட்டைன்னு சொன்னா புரிஞ்சிரும், அதே சங்கதிதான். கடைக்குக் கடை ஆக்ஸில், ரேடியேட்டர், ஹெட்லைட் வளையம், நடுவுல பிளந்து போட்ட வண்டி. கைக்கு எட்டற தூரத்துல இவ்வளவு சாமான் கிடக்கறதால, பழைய அம்பாசடரைப் புதுப்பிக்கணும்னு கிளம்பறவங்க எல்லாரும் ஒரே வழியில போறாங்க. துரு ஏறின தகட்டைத் தட்டிச் சரி பண்றதெல்லாம் வேண்டாம், கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டு. ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சிருது.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். வெளியில தெரியற தகட்டைத் தட்டிச் சரி பண்ண முடியும்னா மாத்தாதீங்க. வண்டியைத் தாங்கற தகடு போயிருந்தா செண்டிமெண்ட் பாக்காம வெட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போடுங்க. நடைமுறையில நம்ம ஆட்கள் இதை அப்படியே தலைகீழாத்தான் செய்றாங்க. மேல தெரியற மட்கார்டைப் புதுசா மாத்திட்டு, கீழ அழுகிப்போன சில் மேல பட்டியைப் பூசிக் கறுப்பு அடிச்சு விட்டுடறாங்க.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்ல. ஆபீஸ்ல என்கூட வேலை பாக்கற தாதா ஒருத்தர் (இங்க தாதான்னா அண்ணன், நம்ம ஊர் தாதா இல்ல :-)) வீட்டுல 1972-ல அவங்க அப்பா வாங்கின மார்க் டூ நிக்குது. அப்பா போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. வண்டியை ஓட வைக்கணும்னு தாதாவுக்கு ஆசை. இஞ்சின் ஒரு பிரச்னையே இல்ல, அந்த 1489 சிசி பெட்ரோல் இஞ்சினைக் கண்ணைக் கட்டிக்கிட்டுக் கழட்டிப் பூட்டற ஆள் இந்த ஊர்ல இன்னும் இருக்காங்க. பிரச்னை பாடியில. இடது முன் மட்கார்டு கீழ் விளிம்பு அரிச்சுப் போயிருக்கு, பின்கதவு ரெண்டுக்கும் அடிப்பாகம் போச்சு, ரெண்டு பக்க சில்லும் கையால அழுத்தினா உதிருது. 1978 செப்டம்பர் வெள்ளத்துல கதவு பாதி வரைக்கும் தண்ணி நின்னுச்சாம். மாஷிமா, அதாவது தாதாவோட அம்மா, இன்னமும் அந்தத் தண்ணி மட்டத்தைக் கையால காட்டிச் சொல்றாங்க.

ரெண்டு மிஸ்திரி வந்து பாத்தாங்க. (மிஸ்திரின்னா நம்ம மேஸ்திரி, மெக்கானிக் எல்லாருக்கும் இங்க ஒரே பேர். நாம டிங்கர் வேலைன்னு சொல்றதை இவங்க டென்டிங்-பெயின்டிங்னு சொல்றாங்க.) முதல் ஆள் சின்ன வயசு. மொபைல்ல படம் எடுத்துட்டு ஒரே வார்த்தை: "ஃபேலே தின்." தூக்கிப் போட்டுடுங்க. மட்கார்டு, நாலு கதவு எல்லாம் டாக்ஸியிலேர்ந்து எடுத்து மாட்டிடலாம், பதினஞ்சு நாள் போதும்னாரு. ரெண்டாவது ஆள் வயசானவர். மட்கார்டை விரல் முட்டியால மேலேர்ந்து கீழ வரைக்கும் தட்டிக்கிட்டே வந்தார். கீழ வந்ததும் சத்தம் மாறிச்சு. மேல் பாகத்தை உள்ளங்கையால தடவிட்டு "லோஹா பாலோ ஆச்சே" அப்படின்னார். இரும்பு நல்லா இருக்கு. அப்புறம் குனிஞ்சு சில்லைப் பாத்தார், உதட்டைப் பிதுக்கினார். அதுக்கு ஒண்ணும் சொல்லல.

எனக்கு ரெண்டாவது ஆள் சொன்னதுதான் சரின்னு படுது. ஏன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன்.

அம்பாசடர் எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். இங்கிலாந்துல மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் த்ரீ 1956-லேர்ந்து 1959 வரைக்கும் வந்துச்சு. அதையே இங்க 1957-58 வாக்குல ஆரம்பிச்சு 2014 வரைக்கும் ஓட்டினோம். அவங்க மூணு வருஷத்துல சலிச்சுப் போனதை நாம அம்பத்தேழு வருஷம் வச்சிருந்தோம்! 1962-ல மார்க் டூ, 1975-ல மார்க் த்ரீ, 1979-ல மார்க் ஃபோர், அப்புறம் நோவா, இசுஸு இஞ்சின் போட்ட வண்டி, கிராண்ட், அவிகோன்னு பேர் மாறிக்கிட்டே போச்சு. உருவம் என்னவோ அதே உருளைக்கிழங்கு உருவந்தான். மாத்தினதெல்லாம் பெரும்பாலும் முன்பக்கம்: கிரில், விளக்கு, பம்பர், உள்ள டேஷ்போர்டு. அதனாலதான் எல்லா வருஷத்துச் சாமானும் எல்லா வண்டிக்கும் சேரும்னு எல்லாரும் நம்பறாங்க.

சேருமா? சேரும், ஆனா உக்காராது. அம்பாசடர் ஓட்டினவங்களுக்குத் தெரியும், கதவு இடைவெளி ஒரு பக்கம் விரல் நுழையும், இன்னொரு பக்கம் காகிதம் நுழையாது. ஃபேக்டரியில அந்தந்த வண்டிக்குத் தகுந்த மாதிரி தட்டி இழுத்து உக்கார வச்ச கதவு அது. அதுவும் அம்பது வருஷமா அந்தக் கீல்லயே தொங்கி, அந்த வண்டியோட சேர்ந்தே சாய்ஞ்சு பழகியிருக்கு. 2005-ல வந்த டாக்ஸிக் கதவைக் கொண்டுவந்து 1972 வண்டியில மாட்டினா, அதை உக்கார வைக்கறதுக்கும் மிஸ்திரி சுத்தியலைத்தான் எடுக்கணும். எப்படியும் அடிக்கப் போறோம், சொந்தக் கதவையே அடிச்சா என்ன?

அதோட டாக்ஸிக் கதவு என்ன கன்னிகழியாத கதவா? அது பதினஞ்சு வருஷம் ஷியால்தாவுலயும் பர்ராபஜார்லயும் மினிபஸ்ஸோட உரசிக்கிட்டு ஓடின கதவு. எத்தனை தடவை ஒடுக்கு எடுத்தாங்க, எத்தனை சுற்று பட்டி பூசினாங்கன்னு மஞ்சள் பெயின்ட் அடிச்சவனுக்குத்தான் தெரியும். வாங்கறவங்க கையில ஒரு சின்ன காந்தம் எடுத்துட்டுப் போங்க, கீறல் விழாம இருக்க மெல்லிசு துணியில சுத்திக்கிட்டு. நல்ல தகட்டுல பச்சக்னு ஒட்டும். பட்டி கனமா இருக்கற இடத்துல வழுக்கிக்கிட்டு விழுந்துரும். பளபளன்னு இருந்த ஒரு கதவுல காந்தம் கீழ்ப்பாதி பூரா ஒட்டாம விழுந்ததை நானே பாத்தேன். கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே அடுத்த கதவைக் காட்டினார். :-)

பட்டியைப் பத்திச் சொல்லியே ஆகணும். பாலியஸ்டர் பட்டி கெட்ட பொருள் இல்ல. தகட்டை முக்கால்வாசி தட்டிச் சமமாக்கினதுக்கு அப்புறம் மேல மெல்லிசா ஒரு பூச்சு குடுத்துத் தேச்சா தப்பே இல்ல. ஆனா துருவை முழுசா எடுக்காம அது மேலயே அரை இன்ச் கனத்துக்கு அப்பினா, அதுக்குள்ள ஈரம் ஏறும். நம்ம கல்கத்தா ஈரம் தெரியுமே, ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் அலமாரியில இருக்கற சட்டையே பூசணம் பிடிக்கும். பட்டிக்குக் கீழ துரு சத்தமில்லாம வேலை பாத்துக்கிட்டே இருக்கும். ரெண்டு மழைக்காலத்துல கொப்புளம் கிளம்பும், அப்புறம் கையளவு கட்டியா பேந்து வரும். பட்டி வர்றதுக்கு முன்னாடி ஈயம் உருக்கிப் பூசித் தேய்க்கற வழக்கம் இருந்துச்சு, அந்த வேலை தெரிஞ்சவங்க இப்ப அபூர்வம். ஈயப் புகை உடம்புக்கு ஆகாது, அதனால அது திரும்ப வரணும்னு நான் சொல்ல மாட்டேன்.

சரி, தட்டிச் சரி பண்றதுன்னா என்ன? தகடு நசுங்கறப்போ ரெண்டு விஷயம் நடக்குது. ஒரு பகுதி வெறுமனே வளையுது, ஒரு பகுதி இழுபட்டு நீளுது. வளைஞ்சது சுலபம். உள்பக்கம் இரும்புக் கட்டையை (டாலிம்பாங்க) அண்டைக் குடுத்து வெளியிலேர்ந்து சுத்தியலால மெதுவா தட்டிக்கிட்டே வந்தா பழைய இடத்துக்கு வந்துரும். நீண்டதுதான் தலைவலி. கூடுதலா இருக்கற தகடு போக இடமில்லாம டப்பா மூடி மாதிரி டொக் டொக்னு உள்ளயும் வெளியயும் துள்ளும். அதைச் சுருக்கணும். கேஸ் டார்ச்சால ஒரு சின்ன வட்டத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி, சுத்தித் தட்டி, ஈரத்துணியால ஒத்தி ஆற வைப்பாங்க. சுருங்கிரும். எந்த இடத்துல, எவ்வளவு பெரிய வட்டம், எத்தனை தடவைங்கறது கையில இருக்கற வித்தை.

துரு அரிச்ச இடத்துக்கு வேற முறை. கெட்ட பாகத்தை மட்டும், நல்ல இரும்பு ஆரம்பிக்கற வரைக்கும் வெட்டி எடுக்கணும். அதே கனத்துல, அதே வளைவுல புதுத் தகட்டுல ஒரு துண்டு தட்டிச் செய்யணும். அதை ஓரத்தோட ஓரம் வச்சுப் பத்தவைக்கணும். கோடு போட்ட மாதிரி ஒரே இழுப்பா வெல்டு இழுத்தா சூட்டுல தகடு முறுக்கிக்கும். அங்க ஒரு புள்ளி, இங்க ஒரு புள்ளி, நடுவுல ஆற விட்டு, மறுபடி ஒரு புள்ளின்னு போகணும். அப்புறம் வெல்டு மேட்டைத் தேச்சு, தட்டிச் சமம் பண்ணணும். ஒரு மட்கார்டுக்கு நாலஞ்சு நாள் ஆகும். இதுல ஒரு ஓரத்தை இன்னொண்ணு மேல ஏத்தி வச்சு வெல்டு பண்றதும் உண்டு, வேலை சுலபம். ஆனா ரெண்டு தகட்டுக்கும் நடுவுல தண்ணி தங்கி அங்கேருந்தே அடுத்த துரு கிளம்பும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் அந்தப் பழைய தகட்டைக் காப்பாத்தணும்னு கேப்பீங்க. தாதாவும் அதைத்தான் கேட்டார், "வெளியிலேர்ந்து பாத்தா யாருக்குத் தெரியும்?" அப்படின்னு. நியாயமான கேள்வி.

உணர்ச்சியை ஒதுக்கி வச்சுட்டு சட்டத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன். 2021 ஜூலையில மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்துச்சு. முதல் ரெஜிஸ்ட்ரேஷன் ஆகி 50 வருஷம் தாண்டின ரெண்டு சக்கர, நாலு சக்கர வண்டிக்கு "விஏ" எழுத்து போட்ட தனி நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, பத்து வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. வாடகைக்கெல்லாம் ஓட்டக்கூடாது, கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக இப்படித்தான். பழைய வண்டியைக் கழிச்சுக் கட்டற கொள்கை பேசப்படற காலத்துல இது பெரிய கதவு. ஆனா அந்த விதி வண்டியை எப்படி வரையறுக்குதுன்னு பாருங்க: அசல் உருவத்துல பராமரிக்கப்பட்டிருக்கணும், சேஸிஸ், பாடி ஷெல், இஞ்சின் இதுல பெரிய மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. தாதாவோட வண்டி 1972. வயசுத் தகுதி வந்தாச்சு. இப்ப நாலு கதவு, ரெண்டு மட்கார்டு, முன்பக்கம் எல்லாம் 2005 டாக்ஸியோடதுன்னு ஆனா, அதை அசல் உருவம்னு எந்த முகத்தோட போய்ச் சொல்றது? துரு விழுந்த இடத்துல அதே வடிவத்துல துண்டு வச்சு அடைச்சா அது பழுதுபார்த்தல். மார்க் டூ மூஞ்சியைக் கழட்டிட்டு மார்க் ஃபோர் மூஞ்சி மாட்டினா அது மாற்றம். எண்பதுகள்ல பழைய மாடலைப் புது மாடலா காட்டறதுக்கு இதைக் காசு குடுத்துப் பண்ணிக்கிட்டவங்க உண்டு. இன்னைக்கு அதே ஆட்கள் மார்க் டூ கிரில்லைத் தேடி அலையறாங்க.

இது நம்ம நாட்டு விதி மட்டும் இல்ல. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-ல டூரின் சாசனம்னு ஒண்ணு ஏத்துக்கிட்டுச்சு. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கறதுக்கு 1964-ல வந்த வெனிஸ் சாசனத்தோட வழியில வந்தது அது. சாரம் என்னன்னா முதல்ல இருக்கறதைக் காப்பாத்து, அது முடியலைன்னா குறைஞ்ச அளவு கை வை, முழுசா புதுசாக்கறது கடைசி வழி. கலிஃபோர்னியாவுல பெபிள் பீச் போட்டியில கூட, புதுப்பிக்காம அப்படியே வச்சிருக்கற வண்டிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கு. உலகமே அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டிருக்கறப்போ நாம டாக்ஸிக் கதவுக்குப் பேரம் பேசிக்கிட்டிருக்கோம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புரியாத விஷயமும் இல்லைங்க. கோயில் திருப்பணின்னு சொல்லிக் கல்தூண் மேல மணலைப் பீய்ச்சிச் சுத்தம் பண்ணாங்களே, ஞாபகம் இருக்கா? பாக்கப் பளிச்சுன்னு ஆச்சு, கல்வெட்டு எழுத்து மழுங்கிப் போச்சு. எத்தனை பேர் கத்தினாங்க! அதே மணல் பீய்ச்சலைக் கார் தகட்டுக்கும் பண்றாங்க. பானட் மாதிரி அகலமான மெல்லிசு தகட்டுல வேகமா அடிச்சா தகடே அலையலையா நெளிஞ்சிரும், அப்புறம் அதைக் காரணம் காட்டி "மாத்திடலாம் சார்". சேஸிஸ், சஸ்பென்ஷன் மாதிரி கனமான இரும்புக்கு அது சரி. வெளித்தகட்டுக்குக் கெமிக்கலும் கை உழைப்பும்தான்.

இப்ப மறுபக்கம். இங்கிலாந்துல எம்ஜிபி வச்சிருக்கவங்களுக்குக் குடுத்து வச்சிருக்கு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் கம்பெனி 1988-லேர்ந்து பழைய அச்சுகளை வச்சே முழு பாடி ஷெல்லைப் புதுசா அடிச்சு விக்குது. துரு பிடிச்ச வண்டியோட உள்சாமான் எல்லாத்தையும் கழட்டிப் புது ஷெல்லுல மாட்டிக்கலாம். அங்க "மாத்து"ன்னு சொல்றதுல ஒரு அர்த்தம் இருக்கு, மாத்தறதுக்கு உண்மையிலேயே புதுசு கிடைக்குது. நமக்கு? உத்தர்பாராவுல அம்பாசடர் பாடி அடிக்கறது நின்னு வருஷம் பத்துக்கு மேல ஆச்சு. அம்பாசடர்ங்கற பேரை மட்டும் 2017-ல பெஜோ கம்பெனிக்கு 80 கோடிக்கு வித்தாங்க. பேர் வித்த காசுல ஒரு கதவு கூட வராது. இன்னைக்கு மல்லிக் பஜார்ல குவிஞ்சு கிடக்கறது டாக்ஸி ஒழியறதால வர்ற ஒரு தடவை அறுவடை. இன்னும் சில வருஷத்துல அது தீர்ந்துரும். அன்னைக்கு உண்மையிலேயே விபத்துல நொறுங்கின ஒரு மார்க் டூவுக்குக் கதவு வேணும்னா இருக்காது, ஏன்னா அதைக் கீழ் விளிம்புல நாலு இன்ச் துருவுக்காக இன்னொருத்தர் மாட்டிக்கிட்டார். அவரோட அசல் கதவோ இரும்பு விலைக்கு உருக்கப் போயிருக்கும்.

அதனால டாக்ஸிச் சாமானே வேண்டாம்னு சொல்லல. அதுக்கு நல்ல உபயோகம் ஒண்ணு இருக்கு: துண்டு எடுக்கறது. பின்கதவு அடிப்பாகத்துல அந்த மடிப்பும் வளைவும் கையால தட்டி வரவழைக்கறது கஷ்டம். டாக்ஸிக் கதவுல கீழ் ஆறு இன்ச் நல்லா இருந்தா அதை மட்டும் வெட்டி நம்ம கதவுல ஒட்டுப் போடலாம். ஒரு டாக்ஸிக் கதவுலேர்ந்து ரெண்டு மூணு வண்டிக்கு ஒட்டு எடுக்கலாம். எங்க அப்பாவோட வேட்டி கிழிஞ்சா அம்மா இன்னொரு பழைய வேட்டியிலேர்ந்துதான் ஒட்டுத் துணி எடுப்பாங்க, புதுத் துணியில எடுக்க மாட்டாங்க. நெசவு ஒத்துப் போகணுமாம்.

சில், தரை விஷயத்துக்கு வர்றேன். இங்க நான் அப்படியே கட்சி மாறிடுவேன். அம்பாசடருக்குத் தனியா சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ், மானோகாக் அப்படிம்பாங்க. கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஓடற சில் பெட்டி, தரைத் தகடு, கதவுத் தூண் இதெல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தூக்கிப் பிடிக்குது. வீட்டுக்கு உத்தரம் மாதிரி. அது உளுத்துப் போனா அதுல பழமையைக் காப்பாத்தறேன்னு நிக்கறது முட்டாள்தனம், உள்ள உக்காரப் போறது நம்ம பிள்ளைங்க. அங்க பட்டி, ஃபைபர் துணி, அலுமினியத் தகட்டை ரிவெட் அடிக்கறது எதுவுமே கூடாது. நல்ல கனமான புதுத் தகட்டை மடிச்சு முழு நீளத்துக்கும் புதுசு போடணும். டாக்ஸி சில்லும் வேண்டாம், அது அதே மழைத் தண்ணியில ஊறினதுதான்.

இந்த வேலையில ஒரு கண்டிஷன். சில்லை வெட்டறதுக்கு முன்னாடி கதவுத் துவாரத்துல குறுக்கயும் நெடுக்கயும் இரும்புக் கம்பி வச்சு தற்காலிகமா வெல்டு பண்ணி, வண்டியைச் சமமா தாங்க வச்சிருக்கணும். ஒரு நேரத்துல ஒரு பக்கந்தான். ரெண்டையும் ஒண்ணா வெட்டினா வண்டி நடுவுல தொய்ஞ்சிரும். தொய்ஞ்ச நிலையிலயே புது சில்லை வெல்டு பண்ணிட்டா அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது. அப்பத்தான் "கதவு சரியில்ல, வேற மாத்தணும்"னு ஆரம்பிப்பாங்க. கதவு என்ன பண்ணும் பாவம்!

தாதாகிட்ட முதல் மிஸ்திரி குடுத்த லிஸ்ட்ல நாலு கதவும் ரெண்டு மட்கார்டும் இருந்துச்சு, சில்லுக்கு "ரிப்பேர்"னு ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பாத்துத்தான் நான் வேண்டாம்னு அடிச்சுச் சொன்னேன்.

காசு விஷயத்தை மறைச்சுப் பேச முடியாது. தட்டிச் சரி பண்றதுல கூலி அதிகம். மாத்தறதுல சாமான் விலையும் கொஞ்சம் கூலியும். இன்னைக்கு இருக்கற பெரிய ஒர்க்‌ஷாப்புங்க மாத்தற பழக்கத்துக்கே போயிட்டதுக்குக் காரணம் இன்சூரன்ஸும்தான். தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்த புது வண்டிக்காரருக்குப் புதுப் பாகத்துக்கு முழுக் காசும் வந்துரும், அவர் ஏன் ஒடுக்கு எடுக்கணும்? சாதாரண பாலிசியில கதை வேற. பத்து வருஷம் தாண்டின வண்டிக்கு இரும்புப் பாகத்துல 50 சதவீதம் தேய்மானம்னு கழிச்சுருவாங்க, தட்டற கூலியில அப்படிக் கழிக்க மாட்டாங்க. அதாவது பழைய வண்டிக்காரருக்குத் தட்டறதுதான் லாபம். இதை ஏஜென்ட் யாரும் சொல்றதில்ல. தாதாவோட வண்டி மாதிரி வெறும் மூணாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருக்கறதுக்கு இந்தக் கணக்கே கிடையாது, எல்லாம் சொந்தப் பாக்கெட்.

நேரமும் ஆகும். ரெண்டாவது மிஸ்திரி மூணு மாசம்னு சொன்னார், பூஜை லீவு தனி. :-) அவர்கிட்ட கத்துக்கிட்ட பையன்கள் யாரும் இப்ப இந்த வேலையில இல்லையாம். ஒருத்தர் ஆப் கம்பெனிக்கு பைக் ஓட்டறார், இன்னொருத்தர் கேரளாவுல கட்டட வேலை. அதனால "தட்டறதுக்கு ஆள் எங்க சார்"னு கேட்டா அதுல நியாயம் இருக்கு. ஆனா இருக்கற ஆளுக்கும் வேலை குடுக்காம ஆளே இல்லன்னு சொல்றது எனக்கு ஒத்துக்கல. 1968-லேர்ந்து ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைக்காரங்க பழைய கார் ராலி நடத்தின ஊர் இது. நாட்டுலயே இதுக்கெல்லாம் முன்னோடிகள்ல ஒண்ணு. அந்த வண்டிங்க எல்லாம் அத்தனை வருஷம் ஓடினது இந்த மாதிரி பேர் தெரியாத மிஸ்திரிங்க சுத்தியலால.

குமார்ட்டூலியில துர்கா சிலை செய்றதைப் பாத்திருக்கீங்களா? ஆத்துல கரைச்சதுக்கு அப்புறம் மண் போயிரும், உள்ள இருக்கற மரச்சட்டம் மிதக்கும். அதைக் காடாமோன்னு சொல்றாங்க. பையன்கள் நீந்திப் போய் அதை இழுத்துட்டு வந்து வைப்பாங்க, அடுத்த வருஷச் சிலைக்கு ஆகும். சில பழைய வீட்டுப் பூஜைகள்ல தலைமுறை தலைமுறையா ஒரே காடாமோவாம். மாஷிமா சொன்னாங்க. அப்ப சட்டம் பழசு, மண் புதுசு. நீ வண்டிக்கு இதுக்கு நேர்மாறா சொல்றியேப்பான்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல, டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

இப்போதைய நிலவரம்: மட்கார்டு தட்டற வேலை ஆரம்பிச்சாச்சு. கீழ ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்திருக்காங்க, வெட்டின துண்டைத் தாதா பேப்பர்ல சுத்தித் தேதி எழுதி வச்சிருக்கார் (போட்டோவும் எடுக்கச் சொல்லியிருக்கேன், நாளைக்கு ஆர்டிஓ கேட்டா காட்டலாம்). இடது பக்க சில் முழுசாப் புதுசு போட்டாச்சு. அதுக்கு முன்னாடி கம்பி கட்டினாங்களான்னு நானே போய்ப் பாத்தேன். பின்கதவு ரெண்டுல ஒண்ணு தேறும், இன்னொண்ணு தேறுமான்னு மிஸ்திரி இன்னும் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டிருக்கார். தேறலைன்னா மல்லிக் பஜாருக்குக் காந்தத்தோட போக நான் ரெடி.

பி.கு.: ஊர்ல ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வச்சிருக்கற நண்பர் ஒருத்தர் போன்ல சண்டைக்கு வந்தார், அவருக்காக இது. மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-லேர்ந்து செஞ்ச ஹெரால்டுக்கு அடியில தனி சேஸிஸ் உண்டு. பாடியைப் பகுதி பகுதியா போல்ட்டு போட்டு முடுக்கினது, முன்பக்கம் பானட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டா முன்னாடி சாயும். அதுல ஒரு பகுதியைக் கழட்டி இன்னொண்ணு மாட்டறது அந்த வண்டியோட பிறவி குணம். அதனால அண்ணே, உங்க வண்டிக்கு மாத்து பானட் கிடைச்சா தாராளமா மாட்டிக்குங்க. பழசை மட்டும் இரும்புக் கடையில போட்டுறாதீங்க.